சைக்கிளில் வேலைக்குப் போகிறவரின் சட்டை: உடுத்திக்கொண்டா, மடித்து எடுத்துக்கொண்டா, அங்கேயே வைத்தா?

வேளச்சேரி வீட்டிலிருந்து நந்தனம் அலுவலகத்துக்கு சுமார் 8 கி.மீ. நிதானமாக மிதித்தால் 40 நிமிடம். சின்னமலை தாண்டி அடையாற்றுப் பாலத்துக்கு வருவதற்குள் முதுகு நனைந்துவிடும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை சீக்கிரம் காயாது, சட்டையிலேயே தங்கிவிடும். "சைக்கிளில் வரலாம்தான், சட்டை என்ன ஆவது?" என்று கேட்காத நண்பர் எனக்கு இல்லை. நியாயமான கேள்வி. மூன்று வழிகளையும் மாதக்கணக்கில் பின்பற்றிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

முதல் வழி, அலுவலக உடையிலேயே மிதிப்பது. அப்பா காலத்தில் எல்லோரும் இப்படித்தான் போனார்கள். பேன்ட் காலில் ஒரு கிளிப், காலருக்குள் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். அது அவர்களுக்குச் சரிப்பட்டதற்கு அந்த சைக்கிளும் ஒரு காரணம். செயினை முழுதாக மூடிய கவர், இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு, நிமிர்ந்து உட்கார வைக்கும் ஹேண்டில் எல்லாம் அதில் இருந்தன. இன்றைய கியர் சைக்கிள்கள் பலவற்றில் செயின் திறந்தே கிடக்கிறது, மட்கார்டும் இல்லை. மழை பெய்த மறுநாள் ஓட்டினால் சட்டையின் முதுகில் நேர்கோடாகச் சேறு அடிக்கும்.

துணியையும் பார்க்க வேண்டும். அப்பா போட்டது பாலியஸ்டர் கலந்த டெர்ரி காட்டன், அது சுலபத்தில் கசங்காது. சுத்தப் பருத்தி அப்படியல்ல. அதன் இழைகளுக்குள் இருக்கும் பிணைப்புகள் ஈரமும் சூடும் பட்டால் தளரும். துணி எந்த நிலையில் உலர்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகிக்கொள்ளும். தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் சட்டை விறைப்பாக நிற்பது அதனால்தான். வேர்த்த முதுகில் 40 நிமிடம் சுருங்கிக் கிடக்கும் சட்டைக்கும் இதேதான் நடக்கிறது, ஆனால் சுருக்கம் சுருக்கமாக. பேன்டுக்கு வேறொரு கஷ்டம். தினமும் சீட்டில் உரசி உட்காரும் இடம் பளபளக்கத் தொடங்கும், சில மாதங்களில் தையலோரம் நைந்துபோகும்.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் 2, 3 கி.மீ.தான், சைக்கிளில் செயின் கவரும் இருக்கிறது என்றால் இந்த வழியே போதும். மார்கழியில் இன்னும் சுகம். சித்திரையில் வேண்டவே வேண்டாம். கிரீஸ் பட்டுவிட்டால் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், கறை பரவும். முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டிக் கொஞ்ச நேரம் விட்டுத் தட்டிவிட்டு, துவைக்கும் முன் பாத்திரம் கழுவும் திரவத்தை அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள்.

இரண்டாவது, பனியனில் மிதித்துப் போய் அங்கே மாற்றுவது. நான் அதிக நாள் பின்பற்றியது இதைத்தான். துணியை முதுகுப் பையில் வைக்காதீர்கள். முதுகின் சூடும் ஈரமும் பைக்குள் இறங்கும், தோள்பட்டை வேறு பட்டையாக நனையும். கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பைதான் நல்லது.

சுருட்டுவதா மடிப்பதா? டி-ஷர்ட்டைச் சுருட்டலாம். காலர் வைத்த சட்டையைச் சுருட்டினால் காலர் நெளிந்துபோகும், அதை நீவிச் சரிசெய்யவே முடியாது. இஸ்திரிக்காரர் மடிப்பதைக் கவனித்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். சட்டையைக் குப்புறப் போட்டு, பழைய காலண்டர் அட்டையை முதுகின் நடுவில், காலருக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் அட்டைமேல் மடித்து, கைகளை நேராக இறக்கி, கீழ்ப்பாதியை மேலே கொண்டுவந்தால் முன்பக்கம் ஒரு சுருக்கம் இருக்காது. பேன்டை அதன் மடிப்பிலேயே நீளவாக்கில் வைத்து, நடுவில் சட்டையை வைத்துச் சுற்றி, எல்லாவற்றையும் வழுவழுப்பான பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுவிடுவேன். பை குலுங்கும்போது துணி உரசாமல் வழுக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் அந்தக் கவர்தான் காப்பு.

ஆனாலும் தினமும் ஏதாவது ஒன்றை மறக்கிறோம். ஒரு நாள் பெல்ட், ஒரு நாள் சாக்ஸ். ரப்பர் செருப்போடு ஒரு முக்கியமான கூட்டத்தில் உட்கார்ந்த அன்றுதான் மூன்றாவது வழிக்கு மாறினேன்.

அதாவது, உடையை அலுவலகத்திலேயே வைத்துவிடுவது. வழக்கமாக இதற்குச் சொல்லும் யோசனை, வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் வந்து ஐந்து நாள் துணியையும் கொண்டுவந்து வைப்பது. பஸ்கூட வேண்டாம் என்பேன். வீட்டருகே தேய்த்து, கசங்காமல் 8 கி.மீ. சுமந்து வருவதில்தானே இத்தனை பாடும்? துவைத்ததை அப்படியே பையில் திணித்துக்கொண்டு வந்து, அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இஸ்திரி வண்டியில் கொடுத்துவிடுங்கள். திங்கள் காலை கொடுத்தால் எனக்கு மதியத்துக்குள் கிடைத்துவிடுகிறது. திங்கள் காலைக்குப் போட போன வாரமே ஒரு செட் மிச்சம் வைத்திருப்பேன். பீரோவின் ஒரு ஓரமும் நான்கு ஹேங்கரும் போதும். ஷூவும் பெல்ட்டும் அங்கேயே இருக்கும்.

எங்கள் அலுவலகத்து அக்கா ஒருவர் சுடிதாரில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டி வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவையை மடித்து எடுத்துவர வழியே இல்லை என்பதால், இரண்டு புடவைகளைக் கொசுவம் வைத்துப் பின் குத்தி அங்கேயே தொங்கவிட்டிருக்கிறார்.

எந்த வழியானாலும், போய் இறங்கியதும் உடை மாற்றாதீர்கள். சைக்கிள் நின்றதும் எதிர்க்காற்றும் நின்றுவிடும், உடம்புச் சூடு மட்டும் அப்படியே இருக்கும். முதல் 10 நிமிடம்தான் வேர்த்துக் கொட்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்து, ஈரத்துண்டால் கழுத்தையும் கக்கத்தையும் துடைத்து, தோல் காய்ந்த பிறகு சட்டையைப் போடுங்கள். அதற்காகவே நான் 20 நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன்.

இஸ்திரி அண்ணன் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பிவர ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்துக்காக காலண்டர் அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.