நால்வருக்கு ஒரு கேம்பர்வேன்: கார்ன்வாலா, யார்க்‌ஷயரா, நார்தம்பர்லாந்தா?

இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூர்களைச் சுற்றக் கிளம்புபவர்கள் முதலில் ஊரை முடிவுசெய்துவிட்டு அப்புறம் கேம்பர்வேன், அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளும் வண்டி, தேடுவார்கள். நால்வர் சேர்ந்து போவதென்றால் வண்டியை முதலில் முடிவுசெய்யுங்கள். அதன் அகலமும் உயரமும் பாதி ஊர்களைத் தாமாகவே பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

வாடகைக்குப் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஃபோக்ஸ்வேகன் கலிஃபோர்னியா மாதிரி, கூரையைத் தூக்கிப் படுக்கையாக்கும் சிறிய வேன் ஒன்று: நீளம் 4.9 மீட்டர், உயரம் 1.99 மீட்டர், தண்ணீர்த் தொட்டி 30 லிட்டர், கழிப்பறை கிடையாது. ஃபியட் டுகாட்டோவை வீடாக மாற்றிய பெரிய வேன் மற்றொன்று: நீளம் 6 மீட்டர், உயரம் சுமார் 2.6 மீட்டர், தண்ணீர் சுமார் 100 லிட்டர், கழிப்பறை உள்ளேயே. இதன் அகலம் 2.05 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் 2.5 மீட்டரைத் தாண்டும். சந்துக்குள் நுழையும்போது அதுதான் கணக்கு. படுக்கைகளை எண்ணும்போது சீட் பெல்ட்டுகளையும் எண்ணுங்கள். நால்வர் படுக்கக்கூடிய, ஆனால் இரண்டே பெல்ட் உள்ள வண்டிகளும் உண்டு.

தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில் போர்ட் ஐசக், போல்பெரோ, மவுஸ்ஹோல் மூன்று ஊர்களும் அழகில் முதல் வரிசை, வேனுக்குக் கடைசி வரிசை. அங்கே சந்துகளின் இருபுறமும் நிற்பவை வேலிச்செடிகள் அல்ல. கல்லை அடுக்கி, மண் நிரப்பி, மேலே புல் வளர்ந்த சுவர்கள். பார்த்தால் புதர், உரசினால் கல். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்னால் எடுக்க வேண்டும். நால்வர் இருப்பதில் ஒரு வசதி: ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டலாம். ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். போல்பெரோவில் ஊருக்கு மேலே கிரம்பிள்ஹார்னிலும், போர்ட் ஐசக்கில் மேட்டிலுள்ள கார் பார்க்கிலும் வண்டியை விட்டுவிட்டு நடப்பதே வழி. நேவிகேஷன் துறைமுகம் வரை கூட்டிப்போகப் பார்க்கும்; கேட்காதீர்கள். கார் பார்க் வாசலில் உயரத்தடுப்புக் கம்பி இருந்தால் பெரிய வேன் அங்கேயே திரும்ப வேண்டியதுதான். சிறிய வேன் பெரும்பாலும் புகுந்துவிடும், கூரையில் சாமான் ஏற்றாதவரை.

ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை பள்ளி விடுமுறை. விடுமுறை வீடுகளில் ஆள் மாறுவது வழக்கமாகச் சனிக்கிழமை என்பதால், அன்று எம்5, ஏ30 நெடுஞ்சாலைகள் இரண்டிலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கார்ன்வாலுக்குச் சனிக்கிழமை புறப்படவே புறப்படாதீர்கள்.

யார்க்‌ஷயர் கரையில் பிரச்சினை அகலமல்ல, சரிவு. ராபின் ஹூட்ஸ் பே தெரு மூன்றுக்கு ஒன்று, அதாவது மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர், என்ற சரிவில் கடலுக்கு இறங்குகிறது. வண்டிகளை மேலே நிறுத்திவிட வேண்டும். ஸ்டெய்த்ஸும் அப்படியே. லித்திலிருந்து சாண்ட்ஸெண்டுக்கு இறங்கும் ஏ174 சாலையில் 25 சதவீதச் சரிவு. இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். மூன்றரை டன் வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பாதி வழியிலேயே கருகல் வாசனை வரும். ஆனால் இங்கே வேனே வேண்டியதில்லை என்பதுதான் வசதி: விட்பி ஊர்ப் பக்கம், வேன்கள் தங்கும் முகாம் ஒன்றில் நிறுத்திவிட்டு எக்ஸ்93 பேருந்தில் ராபின் ஹூட்ஸ் பேக்கும், எக்ஸ்4இல் ஸ்டெய்த்ஸுக்கும் போய்வரலாம். நடக்கப் பிடித்தவர்களுக்கு கிளீவ்லண்ட் வே பாதை இந்த ஊர்களைக் கோக்கிறது. ராபின் ஹூட்ஸ் பேயிலிருந்து பாகிள் ஹோல் என்ற சிறு குடாவுக்குக் கடற்கரை வழியே நடப்பதென்றால் மட்டும் ஓத அட்டவணை பாருங்கள். நீர் ஏறினால் பாறைக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

பெரிய வேனும் நால்வரும் என்றால் எங்கள் ஓட்டு நார்தம்பர்லாந்துக்குத்தான். நிலம் தட்டை, சாலை அகலம், ஊர்கள் நெருக்கம். கிராஸ்டரில் ஊர் வாசலிலேயே, பழைய கல்குவாரியில் கார் பார்க். அங்கிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டைக்குக் கரையோரமாக 2 கிலோமீட்டர் சொச்சம் நடை. சீஹவுசஸிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு. பஃபின் பறவைகளைப் பார்க்க ஜூலை முடிவதற்குள் போக வேண்டும். கிராஸ்டரின் புகையூட்டிய கிப்பர் மீனை வேனுக்குள் வறுத்தால் அந்த வாசனை மெத்தையோடு திரும்பி வரும். உயரமான ஜாடியில் மீனை நிறுத்தி, கொதிநீர் ஊற்றி, மூடி ஆறு நிமிடம் விட்டால் போதும்.

குறைகளும் உண்டு. லண்டனிலிருந்து 500 கிலோமீட்டர். நியூகாசிலில் வண்டி எடுத்தால் கிராஸ்டர் 65தான். கோடையின் தொடக்கத்தில் கிழக்குக் காற்று அடித்தால் கடல்மூட்டம் கரையை நாள்முழுதும் மூடும். உள்ளே சில கிலோமீட்டர் போனால் வெயில் காயும். ஹோலி ஐலண்டுக்குப் போகும் சாலை நாளுக்கு இருமுறை கடலுக்குள் போய்விடும். நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் வெளியிடும் பாதுகாப்பான நேரத்துக்கு வெளியே ‘தண்ணீர் கொஞ்சம்தானே’ என்று இறங்குபவர்களின் வண்டிகள் ஆண்டுதோறும் மூழ்குகின்றன.

இரவு எங்கே? இங்கிலாந்தில் சாலையோரம் நிறுத்தித் தூங்க உரிமை எதுவும் கிடையாது; நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். மலிவான வழி, கேம்பிங் சங்கங்களின், ஐந்து வண்டிகளுக்கு மட்டும் இடமுள்ள சிறு முகாம்கள். உறுப்பினராக வேண்டும், வசதிகள் குறைவு. அவற்றில் பலவற்றில் குளியலறை இராது. ஆகவே சிறிய வேனில் நால்வர் என்றால் கழிப்பறையுள்ள பெரிய முகாமையே பதிவுசெய்யுங்கள். பெரிய வேனிலும் கழிவுப் பெட்டி சுமார் 18 லிட்டர்தான்; நால்வருக்கு இரண்டு நாளில் நிரம்பும்.

மின் இணைப்பு பல முகாம்களில் 10 ஆம்பியர்தான், அதாவது 2,300 வாட். வீட்டு உபயோகத்துக்கான 3,000 வாட் கெட்டிலைப் போட்டால் முகாமின் சுவிட்ச் விழும். நீட்டிப்புக் கம்பியைச் சுருளோடு விடாமல் முழுதாக அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடி இருந்தால் சூடேறி உருகும். இணைப்பு இல்லாத இடத்தில் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். ஃப்ரிட்ஜ் ஓடினால் ஒன்றரை நாள் வந்தால் பெரிது.

சாவி வாங்குமுன் ஒப்பந்தத்தில் கூரைச் சேதமும் அடிப்பகுதிச் சேதமும் காப்பீட்டில் சேருமா என்று கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் சேராது. கார்ன்வாலுக்குப் பெரிய வேனில்தான் போவோம் என்பவர்கள் இரண்டுமுறை கேளுங்கள்.