ஜக்கா, மெடோலாண்ட்ஸ் பேஸா, இல்லை சொந்த மாநிலப் பந்தயமே போதுமா?

அமெரிக்காவில் உங்களிடம் நல்ல வேகமான மூன்று வயது பேசர் குதிரை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேசர் என்றால் ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வீசி ஓடும் குதிரை. பின்னால் சல்கி என்ற இரண்டு சக்கர வண்டி, அதில் ஓட்டுநர். குதிரை பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் இழுத்துப் பிடித்தாக வேண்டும். இதை எந்தப் பந்தயத்தில் இறக்குவது? ஐம்பது வருடங்களுக்கு முன்னால் யோசிக்கவே வேண்டாம். கேன் பேஸ், மெசஞ்சர், லிட்டில் பிரவுன் ஜக் மூன்றையும் ஜெயித்தால் டிரிபிள் கிரவுன், அவ்வளவுதான்.

அதில் இரண்டை இப்போதே கழித்துவிடலாம். கேன் 1955-இல் யாங்கர்ஸில் தொடங்கியது, மெசஞ்சர் அடுத்த வருடம் ரூஸ்வெல்ட் தடத்தில். 1988-இல் ரூஸ்வெல்ட்டை மூடிய பிறகு மெசஞ்சர், அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பம் போல, தடம் தடமாக அலைந்தது. கேனும் பிறந்த இடத்தில் தங்கவில்லை. 2003-இல் நோ பேன் இன்டெண்டட் என்ற குதிரை மூன்றையும் வென்றது. அதற்கடுத்த 20 வருடங்களில் வேறு எந்தப் பேசரும் வெல்லவில்லை. குதிரைகள் மட்டமாகிவிட்டன என்று சொல்ல முடியாது, வேகம் கூடிக்கொண்டேதான் போகிறது. மூன்றிலும் ஓட வைக்க வேண்டும் என்ற ஆசைதான் போய்விட்டது.

சரி, மெடோலாண்ட்ஸ் பேஸ். 1977-இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய இது பணத்தால் பெயர் வாங்கிய பந்தயம். 1980-இல் நயாட்ராஸ் வென்றபோது பரிசு 10 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. இன்று அந்த அளவு இல்லை. அதே தடத்தில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கு நடந்த உட்ரோ வில்சன் பந்தயத்தின் கதை இன்னும் மோசம்: 1984-இல் நிஹிலேட்டர் வென்றபோது பரிசு 21 லட்சம் டாலருக்கும் மேல், இப்போது அந்தப் பந்தயமே இல்லை. ஆனாலும் ஒரு மைல் சுற்றளவுள்ள தடம், இரண்டே வளைவு, குதிரை முழு வேகத்தைக் காட்டலாம். நாளைக்கு அதைப் பொலிகுதிரையாக விடும்போது விலை பேசுவது அந்த நேரக் கணக்குதான்.

மாநிலப் பந்தயங்கள், அதாவது சயர் ஸ்டேக்ஸ், வேறு ரகம். நியூயார்க்கில் 1961-லேயே வந்துவிட்டது. அந்த மாநிலத்தில் இருக்கும் பொலிகுதிரைக்குப் பிறந்த குட்டிகள் மட்டும் ஓடலாம். ஸ்லாட் மெஷின் வருமானத்தில் ஒரு பங்கு பரிசுக்கு வர ஆரம்பித்ததும் இவை கொழுத்துவிட்டன. நாடு முழுவதிலிருந்தும் வரும் குதிரைகளோடு மோதாமலே கோடை முழுக்கச் சம்பாதிக்கலாம் என்றால் யார் விடுவார்கள்? பெரிய பந்தயங்களைக் கெடுத்தது இதுதான் என்று பழைய ரசிகர்கள் திட்டுவார்கள். மாதாமாதம் பயிற்சியாளருக்குப் பணம் கட்டும் உரிமையாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்ன, ஊர் எல்லை தாண்டினால் ஜெயித்த குதிரையின் பெயர் யாருக்கும் தெரியாது.

மிச்சம் ஜக். ஒஹாயோவின் டெலவேர் என்ற சின்ன ஊர், 1946 முதல் அதே விவசாயக் கண்காட்சி மைதானம், செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. வேலி ஓரத்தில் இடம் பிடிக்க முன்கூட்டியே நாற்காலிகளைச் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கும் சனம் வேறு எந்தத் தடத்துக்கு இருக்கிறது? சூதாட வருபவர்கள் மட்டுமல்ல, ஆட்டையும் மாட்டையும் பார்க்க வந்தவர்களும் அப்படியே வந்து நிற்கும் கூட்டம் அது. ஓட்டமும் சுலபமில்லை. அரை மைல் தடம், ஒரு மைலுக்கு நான்கு வளைவு, தகுதிச் சுற்றில் தேறினால் அதே மதியம் இறுதிச் சுற்று. 2008-இல் சம்பீச்சம்வேர், அந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த குதிரை, ஜக்குக்கு வரவே இல்லை. அது ஒரு அடிதான், மறைப்பதற்கில்லை. ஆனாலும் அடுத்த செப்டம்பரில் நாற்காலிகள் வேலியோரம் வந்துவிட்டன.

எனக்குக் குதிரை கிடைத்தால் ஜூலையில் மெடோலாண்ட்ஸ், செப்டம்பரில் ஜக். அதற்காக மாநில இறுதிச் சுற்றை விடவேண்டி வந்தாலும் விடுவேன். தொடங்கும் இடத்துக்கான குலுக்கலில் வெளி ஓரத்து எட்டாம் இடம் விழுந்தால் இதே வீராப்பு இருக்குமா என்று அப்போது பார்ப்போம்.