650 வெள்ளி (ரிங்கிட்) போனது: திரையில் புள்ளி வந்தால் உடனே கணினியின் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றாதீர்கள்

இன்று மாலை நாலு மணிக்குத்தான் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். 650 வெள்ளி. என் மனைவி தீபாவளி நேரத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சட்டை தைத்துச் சேர்த்த காசு. நம் தோட்டப் பக்கத்தில் இன்னொருவர் இப்படி மாட்டக் கூடாது என்பதற்காக இப்போதே எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. கணினி பழுது பார்ப்பார்கள், கைப்பேசி உறையும் விற்பார்கள், அந்த மாதிரிக் கடை. நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், ஊரின் இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். கணினிக்கு ஒன்று என்றால் கண்ணில் படுகிற கடைக்குத்தான் போவோம்.

மகள் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா பேனரும் வடிவமைத்துக் கொடுக்கிறாள். அவளுடைய மேசைக் கணினியில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் அட்டை; அதன் நினைவகம் 6 ஜிபி. ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போட்டதும், மதர்போர்டு (கணினியின் முதன்மைப் பலகை) கம்பெனியின் சின்னம் வருமே, அந்த முதல் திரையிலேயே பச்சைப் புள்ளிகள் மினுக்மினுக்கென்று வந்தன. விண்டோஸ் வந்த பிறகும் போகவில்லை. மூன்றாம் நாள் திரை ஒரு நொடி கறுத்துவிட்டுத் திரும்பி வந்தது. மகளுக்குக் கையில் இரண்டு திருவிழா வேலை இருந்தது. சரி என்று பெட்டியை மட்டும் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். மோனிட்டரையும் வயரையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரப் பையனுக்கு முப்பது வயது இருக்கும். நம்மவர்தான். பெயரைக் கேட்டான், தோட்டத்தைக் கேட்டான். "உங்க அப்பா மண்டோரா இருந்தவர்தானே அங்கிள்? எங்க தாத்தா அவர்கிட்டதான் மரம் வெட்டினாரு" என்றான். எனக்கு மனசு இளகிவிட்டது. மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி, மரம் வெட்டுவது என்றால் ரப்பர் பால் எடுப்பது; செம்பனை வருவதற்கு முன், ரப்பர் காலத்துப் பேச்சு அது. அப்பா செத்து வருடக்கணக்கான பிறகு அவர் பேரை ஒருவன் சொல்கிறானே என்று நின்றேன். அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

பெட்டியைத் தன் மோனிட்டரில் மாட்டினான். படம் சுத்தமாக வந்தது. ஒரு புள்ளி இல்லை. "இங்க நல்லா வருதே தம்பி?" என்று நானே கேட்டேன். "இப்ப வராது அங்கிள், சூடானதும் வரும். கார்டு சாகப் போகுது. விட்டீங்கன்னா மதர்போர்டையும் இழுத்துட்டுப் போயிடும்" என்றான். வீட்டில் காலையில் போட்டதுமே, ஒரு சூடும் ஏறாதபோதே வந்ததே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ரிகண்டிஷன் கார்டு, அதாவது பழையதைச் சரிசெய்த கார்டு ஒன்றைக் காட்டினான். 1650, 4 ஜிபி. "இதுவும் அதே குடும்பம்தான், கரண்ட் கம்மியா இழுக்கும்." பழைய கார்டை எடுத்துக்கொண்டு 650 வெள்ளி. பில்லில் 'மேம்படுத்தல் 650' என்று மட்டும் எழுதினான். கார்டின் பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. 6 ஜிபியைக் கொடுத்து, மேலே காசும் கொடுத்து, 4 ஜிபியை வாங்கி வந்திருக்கிறோம். வீட்டில் மகள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

அதைவிட, வீட்டில் மாட்டியதும் அதே பச்சைப் புள்ளி!

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் அலைந்தேன். முதலில் "டிரைவரை அப்டேட் பண்ணுங்க அங்கிள்" என்றான். டிரைவர் என்றால் விண்டோஸுக்குள் இருந்து கார்டை இயக்கும் மென்பொருள். கம்பெனிச் சின்னம் தெரியும் நேரத்தில் விண்டோஸே எழுந்திருக்காது, விண்டோஸின் டிரைவர் எங்கிருந்து வரும்? பிறகு "மோனிட்டர் பழசு, புதுசு 380 வெள்ளிக்குத் தரேன்" என்றான். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும்தான். நேரில் போனால் கடையில் ஒரு பெண் பிள்ளை, "முதலாளி வெளியூர் போயிருக்காரு." அவன் மோட்டார் வாசலில் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். செம்பனை ஆலையில் வயரிங் வேலை பார்ப்பவன். அவன் கேட்ட முதல் கேள்வி, "கடையில புள்ளி வந்துச்சா மாமா?" இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குக் காசு கொடுத்தீங்க?" என்றான். மோனிட்டர் வயரைக் கார்டிலிருந்து உருவி மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகினான். கார்டுக்கும் படத்துக்கும் இப்போது சம்பந்தமே இல்லை. அப்போதும் புள்ளி வந்தது. பிறகு கூடத்தில் டிவிக்கான ஆஸ்ட்ரோ பெட்டியிலிருந்த வயரைக் கழற்றி வந்து மாட்டினான். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

பழைய வயரின் தலையைப் பார்த்தோம். மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் பெட்டிக்குப் பின்னால் மடங்கி, பிளாஸ்டிக் பிளந்து, தகரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. புது வயர் 15 வெள்ளி. 15 வெள்ளி வேலைக்கு 650 வெள்ளியும் ஒரு நல்ல கார்டும் போயின. கடையில் புள்ளி வராததற்குக் காரணம் கடைக்காரன் மாட்டியது அவனுடைய வயர். அது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தினமும் அதே வேலை செய்பவன்!

இன்று போய்க் கேட்டேன். காசு வேண்டாம், என் பழைய கார்டையாவது கொடு என்றேன். "அது பழைய சாமான் லோரியில போயிடுச்சு அங்கிள்" என்றான். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினான். மரம் வெட்டிய தாத்தாவைப் பற்றி இன்று பேச்சே இல்லை.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். முதல் திரையிலேயே கோளாறு என்றால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். வயரை மாற்றுங்கள், வேறு மோனிட்டரிலோ டிவியிலோ போட்டுப் பாருங்கள். விண்டோஸ் வந்த பிறகு மட்டும் என்றால் சேஃப் மோடில், அதாவது விண்டோஸ் அவசியமானதை மட்டும் ஏற்றித் திறக்கும் முறையில் பாருங்கள், அங்கே சரியாக இருந்தால் டிரைவராக இருக்கலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கார்டைக் கழற்றித் தூசு துடைத்து அழுத்தி மாட்டுங்கள். கடைக்குப் போனால் உங்கள் வயரையும் கொண்டு போங்கள். கழற்றிய சாமானைக் கையில் வாங்காமல் வராதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். 650 வெள்ளிக்கு இவ்வளவா என்று என் தம்பி கேட்கிறான். ஆமாம், இவ்வளவுதான்.

1660 சூப்பர் வந்த அட்டைப் பெட்டியை மகள் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதில் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கிறது. கோலசிலாங்கூர், ரவாங் பக்கம் யாராவது இந்த மாதம் பழைய 1660 சூப்பர் வாங்கியிருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், நம்பரை ஒத்துப் பார்க்கலாம்.