தொட்டித் தண்ணீர் பால் மாதிரி ஆனபோது கைகொடுத்த ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட்

நாலு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மீன் தொட்டி. மூன்றடி நீளம், ஏறத்தாழ 120 லிட்டர், நாலு ஏஞ்சல் மீன், எட்டு விடோ டெட்ரா, அடியில் மேயும் கோரிடோராஸ் ஆறு. போன மாதம் ஒரு காலையில் விளக்கைப் போட்டால் பின்பக்கச் செடி தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. மாலைக்குள் அது இன்னும் கெட்டியாகி, ஏஞ்சல்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

காரணம் எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. மூன்று நாளைக்கு முன்னால், ஊருக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுக்கு வந்து தொட்டி கழுவித் தரும் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம். அவர் நல்ல மனசோடு, நன்றாகவே உழைத்திருக்கிறார். ஃபில்டரில் இருந்த பழைய பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்திருக்கிறார், பீங்கான் வளையங்களைக் குழாயடியில் பளபளவென்று அலசி மொட்டைமாடி வெயிலில் அரை நாள் காயவைத்திருக்கிறார், கல்லையும் கிளறி உறிஞ்சி எடுத்திருக்கிறார். எல்லாம் ஒரே நாளில். "சார், புதுத் தொட்டி மாதிரி ஆக்கிட்டேன்" என்று போனில் சொன்னார். உண்மையிலேயே புதுத் தொட்டியாகத்தான் ஆகிவிட்டது. நாலு வருஷமாக அந்த வளையங்களில் ஒட்டி வளர்ந்த பாக்டீரியா மொத்தமும் அந்த வெயிலில் போய்விட்டது.

தண்ணீரை வெளுக்க வைப்பது வேறு வகை பாக்டீரியா. அது தண்ணீரிலேயே மிதக்கும், மிச்சத் தீனியையும் கழிவையும் தின்று மணிக்கணக்கில் பெருகும், கூடவே ஆக்ஸிஜனையும் இழுத்துக்கொள்ளும். மீன் மேலே வந்து வாய் திறப்பதற்கு அது ஒரு காரணம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் ஒட்டி வாழும். அது இரட்டிப்பாகவே ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். கண்ணுக்குத் தெரிகிற வெண்மை முதல் வகை. மீனைக் கொல்வது இரண்டாவது வகை இல்லாமல் போனதால் சேர்கிற அம்மோனியா, அது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் முதல் நாள் பதற்றத்தில் நான் வாங்கியது தண்ணீர் தெளியவைக்கும் மருந்து ஒரு பாட்டில். பக்கத்துக் கடையில் கேட்டதும் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். ராத்திரி ஊற்றினேன், காலையில் கொஞ்சம் தெளிந்திருந்தது, மறுநாள் மாலை பழையபடி பால். இந்த வகை மருந்து நுண்ணிய தூசியைத் திரட்டி ஃபில்டர் பஞ்சில் சிக்கவைக்கும், அவ்வளவுதான். புது மணல் போட்ட கலங்கலுக்கு அது சரியான பொருள். பாக்டீரியா கலங்கலில் காரணம் அப்படியே இருப்பதால் திரும்பத் திரும்ப வரும்.

கொளத்தூரில் மீன் குஞ்சு எடுக்கும் நண்பரிடம் போனில் புலம்பினேன். "அம்மோனியா எவ்வளவுங்க?" என்றுதான் முதலில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே தொட்டித் தண்ணீரை வீட்டிலேயே சோதிக்கும் ஏபிஐ ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட் வாங்கினேன்.

பெட்டியில் சொட்டு பாட்டில்கள், நாலு கண்ணாடிக் குழாய்கள், வண்ண அட்டை. பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை), உயர் பிஹெச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று ஐந்து சோதனை. 5 மில்லி கோடு வரை தொட்டித் தண்ணீர் எடுத்து, அம்மோனியாவுக்கு முதல் பாட்டிலில் 8 சொட்டு, இரண்டாவதில் 8 சொட்டு, மூடி குலுக்கி ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் பூஜ்யம். எனக்கு இரண்டாவது நிமிஷத்திலேயே ஓரத்தில் பச்சை ஏற ஆரம்பித்தது, ஐந்து நிமிஷத்தில் இலைப் பச்சை. அட்டையில் வைத்துப் பார்த்தால் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். நைட்ரைட் இளநீலத்திலேயே நின்றது, அதாவது பூஜ்யம். உயர் பிஹெச் சோதனையில் 8. எங்கள் வீட்டு போர் தண்ணீர் அப்படி. பிஹெச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அதே அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்கு விஷம் என்பதால், அந்த 2 என்ற எண் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

எண் கையில் இருந்ததும் வேலை தெளிவாகிவிட்டது. அன்று ராத்திரியே 40 சதவீதம் தண்ணீர் மாற்றினேன், மாற்றினால் 2 என்பது 1.2 ஆகும் என்று கணக்குப் போட முடிகிறது பாருங்கள், அதுதான் இந்தக் கிட்டின் அருமை. அடுத்த ஒரு வாரம் தினமும் 30 சதவீதம். மெட்ரோ தண்ணீர் ஊற்றும் நாளில் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து கட்டாயம். தீனி மூன்று நாள் அடியோடு நிறுத்தம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடியது. எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, நண்பர் தன் தொட்டியில் ஒரு வருஷமாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை ஈரம் காயாமல் பையில் தொட்டித் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தது. நான் இழந்த அதே ஃபில்டர் பாக்டீரியா அதில் இருந்ததால், அந்த அழுக்குப் பழுப்பு நிறம் எனக்கு அன்று தங்கமாகத் தெரிந்தது.

ஆறாம் நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி. கிட் இல்லாமல் இருந்திருந்தால் அன்றோடு தண்ணீர் மாற்றுவதை நிறுத்தியிருப்பேன். சோதித்தால் அம்மோனியா 0.25, ஆனால் நைட்ரைட் குழாய் ஊதாவாகி 1-ஐத் தொட்டிருந்தது. தெளிந்த தண்ணீரிலும் ஆபத்து இருந்தது! கல்லுப்பு 50 கிராம் கரைத்து ஊற்றினேன், உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட் மீனின் செவுள் வழியாக ஏறுவதைத் தடுக்கும். பதினொன்றாம் நாள் இரண்டும் பூஜ்யம். ஒரு கோரிடோராஸ் மட்டும் போய்விட்டது. மற்றவை எல்லாம் பிழைத்தன.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நைட்ரேட் சோதனையின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிஷம் பலமாகக் குலுக்கித்தான் சொட்டு விட வேண்டும், சொட்டு விட்டபின் குழாயையும் ஒரு நிமிஷம் குலுக்க வேண்டும், இதைச் சோம்பல்பட்டால் நைட்ரேட் குறைவாகக் காட்டும், நாமும் நிம்மதியாக ஏமாந்திருப்போம். குழாயை விரலால் மூடிக் குலுக்காதீர்கள், சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். வண்ணத்தை மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம், பகலில் ஜன்னலோரம் அட்டையின் வெள்ளைப் பகுதியில் குழாயை ஒட்டி வைத்துப் பாருங்கள். 0-வுக்கும் 0.25-க்கும் வித்தியாசம் சொல்வது எந்தச் சொட்டு கிட்டிலும் கஷ்டம்தான். பாட்டிலில் இருக்கும் லாட் எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த மாதமும் வருஷமும், வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

தண்ணீரின் கடினத்தன்மைச் சோதனை இதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். குளோரின் சோதனையும் இல்லை. விலை, ஒரு தெளிய மருந்து பாட்டிலோடு ஒப்பிட்டால் நிறையவே கூடுதல். ஆனால் எண்ணூறு சோதனைக்கு மேல் வரும், ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு வருஷக்கணக்கில் போதும்.

அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை. தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெள்ளைத் தாள் முன்னால் வையுங்கள். பச்சையாக இருந்தால் பாசி, வெயிலையும் விளக்கு நேரத்தையும் குறையுங்கள். டீ நிறமென்றால் மரக்கட்டையின் சாயம், மீனுக்குக் கெடுதல் இல்லை. வெண்மையாக இருந்தால் ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். காலையில் அடியில் படிந்திருந்தால் தூசி. படியாமல் அப்படியே பால் மாதிரி நின்றால், உடனே அம்மோனியா பாருங்கள்.

வளையங்களை இப்போது நானேதான் அலசுகிறேன், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில், பாதியை மட்டும், மீதி அடுத்த மாதம். நேற்றைய கணக்கு: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. ஏஞ்சல் ஜோடி ஒன்று ஃபில்டர் குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது, முட்டை போடப் போகிறது போலிருக்கிறது.