மீட்டியோர் 350-ல் ஓட்டுபவருக்கான பேக்ரெஸ்ட்: நீண்ட நாள் அனுபவம்

கிருஷ்ணகிரியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் அகலமான நெடுஞ்சாலைதான். ஓசூர் தாண்டி பெங்களூரு, தருமபுரி தாண்டி சேலம், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் சென்னை. ரோடு நன்றாக இருப்பதால் நிற்காமல் போய்க்கொண்டே இருப்போம். உட்கார்ந்த நிலை மாறாமல் ஒன்றரை மணி நேரம் போனால் இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு வரும். என் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-ல் ஓட்டுபவர் முதுகு சாய்க்கும் பேக்ரெஸ்ட் போட்ட பிறகு எனக்கு அந்தப் பிடிப்பு பெருமளவு குறைந்துவிட்டது. வாங்கலாமா என்று கேட்டால், க்ரூஸர் (தாழ்ந்த சீட்டில் காலை முன்னே நீட்டி ஓட்டும் பைக்) வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்குங்கள் என்பேன். ஆனால் எதை வாங்குகிறோம் என்பதைவிட எந்த உயரத்தில் பொருத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மீட்டியோரில் சீட் உயரம் 765 மி.மீ.; கால் வைக்கும் ஃபுட்பெக் முன்னால் தள்ளி இருக்கும். கால் முன்னே நீண்டதும் இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சரியும், கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடும். பாரம் மொத்தமும் வால் எலும்புப் பக்கம் இறங்கும். சாதாரண பைக்கில் காலை ஊன்றி லேசாக எழுந்து பாரத்தை மாற்றிக்கொள்வது போல இதில் சுலபமாகச் செய்ய முடியாது. அதோடு 80, 90 வேகத்தில் காற்று நெஞ்சைத் தள்ளும். அதைத் தாங்க நாம் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்போம், தெரியாமலேயே. கீழ்முதுகு சாய ஒரு இடம் கிடைத்தால் இடுப்பு சரிவது நிற்கும், கையும் தளரும். எனக்கு முதுகுக்கு முன்னால் நிம்மதி தெரிந்தது தோள்பட்டையில்தான்.

அதனால் பேக்ரெஸ்ட்டில் முதுகு சாயும் மெத்தையான பேட் இருக்க வேண்டிய இடம் பெல்ட் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று தோள்பட்டை எலும்பு வரை வரும் உயரமான பேடை வாங்கினால், அது மேல்முதுகை முன்னே தள்ளும். கீழே இடைவெளி அப்படியே இருக்கும். வலி கூடத்தான் செய்யும்.

காசு போடும் முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். பழைய போர்வையை இறுக்கமாகச் சுருட்டி, பின்சீட்டின் முன்விளிம்பில் வைத்து, கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறால் நன்றாகக் கட்டுங்கள். அப்படியே தருமபுரி வரை போய் வாருங்கள். எந்த உயரத்தில், எவ்வளவு தள்ளி இருந்தால் சுகம் என்று உடம்பே சொல்லிவிடும். அதை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். பயணத்தில் பின்சீட்டில் பை கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பையே பேக்ரெஸ்ட்டாகப் போதும், தனியாக எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

ரெடிமேடாகக் கிடைப்பவற்றில் பெல்ட் போட்டு சீட்டோடு கட்டும் வகை எனக்குப் பிடிக்கவில்லை. சாய்ந்தால் பின்னால் வளைந்துகொடுக்கும். வளையும் பேக்ரெஸ்ட் இருந்தும் பயனில்லை. சீட்டுக்கு அடியில் ஃபிரேமில் போல்ட் போட்டு முடுக்கும் பிராக்கெட்தான் சரி. அதிலும் உயரம் ஏற்றி இறக்க வரிசையாக ஓட்டை, மடக்க ஒரு கீல், கழற்ற ஒரு பின், இந்த மூன்றும் இருக்க வேண்டும். என்னுடையது வெல்டிங் பட்டறையில் செய்த பிராக்கெட், உள்ளூர் சீட் கவர் கடையில் தைத்த பேட். ஃபிரேமில் புதிதாக ஓட்டை போட விடாதீர்கள். இருக்கிற போல்ட் இடங்களே போதும்.

பேட் தைத்த அண்ணன் நான் கேட்ட மெத்தென்ற ஃபோமை எடுக்கவே இல்லை. "மெத்துன்னு இருந்தா கடையில உட்காரச் சொகமா இருக்கும் தம்பி. ரோட்டுல ஒரு மணி நேரத்துல அமுங்கிப்போய் உள்ள இருக்கிற தகடு முதுகுல குத்தும்" என்றார். கெட்டியாக ஒரு ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது), அதன்மேல் ஒரு விரல் தடிமனுக்கு மெத்தென்றது என்று இரண்டு அடுக்காக வைத்தார். நடுவில் தையல் விடாமல் ஓரத்தில் மட்டும் மடித்துத் தைத்தார், மழைத் தண்ணீர் தையல் வழியாக ஃபோமுக்குள் இறங்கக் கூடாது என்று. ஐப்பசி மழையில் நனைந்து வந்தாலும் துணியால் துடைத்தால் போதும். பிராக்கெட், பேட் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இன்னொன்று இடைவெளி. நிமிர்ந்து உட்காரும்போது முதுகுக்கும் பேடுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒட்டியே வைத்தால் வேகத்தடையில் வரும் குலுக்கல் நேராக முதுகெலும்பில் இறங்கும். ஊருக்குள் வேகத்தடை வந்தால் கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்காருவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சீட்டே முன்பக்கம் சரிந்திருந்தால் நீங்கள் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள்.

எல்லா ரோட்டுக்கும் இது உதவாது. தொப்பூர் இறக்கத்தில் பாரம் முன்னால் வருவதால் சாய்வதற்கு வேலையே இல்லை. அங்கே லாரிகளுக்கு நடுவில் சாய்ந்துகொண்டு போகவும் கூடாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் இடுப்பு இரண்டு பக்கமும் தாராளமாக நகர வேண்டும், அதனால்தான் பேடை அகலம் குறைத்துத் தைக்கச் சொன்னேன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டு வழியில் போனால் மடக்கிவிடுவேன். நின்றுகொண்டு ஓட்டும் அட்வெஞ்சர் பைக்குகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; நின்றுவிட்டு உட்காரும்போது இடிக்கும்.

வருஷக்கணக்கில் ஓட்டியதில் தேய்ந்தது கீல்தான். ஆட்டம் கண்டு, மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வந்தது. வாஷர் மாற்றி, சாதா நட்டுக்குப் பதில் உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போட்டதும் நின்றது. அதன்பிறகும் நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் ஸ்பானர் வைத்து ஒரு தடவை முடுக்கிப் பார்த்துவிடுவேன். வெல்டிங் வைத்த மூலையில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசல் முதலில் அங்கேதான் தெரியும். சித்திரை வெயிலில் கறுப்பு ரெக்சின் சட்டையைத் தாண்டிச் சுடும். பைக்கை நிறுத்தினால் பேட்மேல் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள்.

ஏறி இறங்குவது மாறும். காலைப் பின்னால் சுழற்றிப் போட முடியாது. டேங்குக்கும் பேடுக்கும் நடுவே முட்டியை மடக்கி நுழைக்க வேண்டும். வேட்டியோடு அது நடக்காது. முதுகில் பை மாட்டிக்கொண்டும் ஓட்ட முடியாது. பின்னால் உட்காருபவருக்கு இடமும் குறையும். "என்னங்க, என் முட்டியில இடிக்குதுங்க" என்று வீட்டில் சொன்னபோது அது நியாயமாகத்தான் இருந்தது. இருவராகப் போகும் நாளில் பின்னை உருவிக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். கழற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது. கழற்ற முடியாத பேக்ரெஸ்ட்டைக் கடையில் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.