லேப் ஸ்டீலுக்கு சி6 தந்தி செட்: ஜாஸுக்கு நம்பி வாங்கலாம்

லேப் ஸ்டீல் என்பது மடியில் கிடத்தி, உலோக பாரைத் தந்திகள்மேல் சறுக்கி வாசிக்கும் கிட்டார். சி6 சுருதியில் அதன் ஆறாவது தந்தியிலிருந்து முதல் தந்திவரை சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. 22.5 அங்குலத் தந்தி நீளமுள்ள லேப் ஸ்டீலுக்கு 0.015 முதல் 0.036 அங்குலத் தடிமன் வரையிலான இந்த செட் அருமையாகப் பொருந்துகிறது. சாதாரண கிட்டார் செட்டைப் போடாதீர்கள். ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து மேல் சி-க்கு எட்டு அரைச்சுரம் முறுக்கினால் அறுந்துவிடக்கூடும்.

இதன் பெரிய பலம் தடித்த தந்திதான். ஆறாவது தந்தியின் சி-யை சி ஷார்ப் ஆக்கினாலும் இழுவிசை கெடவில்லை. அடி நான்கு தந்திகளும் (6 முதல் 3 வரை) ஏ7 கார்டு ஆகிவிடுகின்றன. பிறகு சி மேஜரில் 2-5-1 (ஜாஸில் அடிக்கடி வரும் கார்டு வரிசை) சுலபம்: ஐந்தாம் ஃப்ரெட்டில் 5 முதல் 2 வரையிலான தந்திகள் டி மைனர்7, பத்தாம் ஃப்ரெட்டில் அடி நான்கும் ஜி7, பன்னிரண்டில் 5 முதல் 2 வரை சி6.

மூன்றாவது தந்தி சுற்றுக்கம்பி (மேலே மெல்லிய கம்பி சுற்றியது) என்பதால் பார் சறுக்கும்போது உரசல் கேட்கிறது. 0.022 வெறுங்கம்பி மாற்றினால் அது அடங்கும். தேவையற்ற ஒலி அடங்க, பாருக்குப் பின்னால் விரல்களைத் தந்திகள்மேல் படியவிடவும் மறக்காதீர்கள்.