முன்பணமா, கடன் அட்டையா, நேரில் போவதா?

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஏலம் என்றால் காயும் அதுதான், விற்பனையும் அதுதான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. கணினியில் விலை கேட்டாலும் காயின் மாதிரியைக் கையில் அள்ளிப் பார்த்த பிறகே வியாபாரி கேட்கிறார். ஏலம் நடத்துபவரும் உரிமம் பெற்றவர். இதிலேயே ஊறியவர்கள், தோட்டத்துக்குப் பழைய மருந்தடிக்கும் மோட்டார் தேடி முன்பின் தெரியாத இணைய ஏலத் தளத்துக்குள் நுழையும்போது, அங்கே மாதிரியும் இல்லை, உரிமமும் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். விலை எவ்வளவு என்பதைக் காட்டிலும், பணம் எந்த வழியாகப் போகிறது என்பதையே முதலில் ஒப்பிட வேண்டும்.

அத்தகைய தளங்களில் விற்பவர்கள் பெரிதும் கேட்பது யுபிஐ முன்பணம். நொடியில் முடிந்துவிடும், அந்த வேகமே அதன் குறை. ரிசர்வ் வங்கி 2017இல் தந்த பாதுகாப்பு, நம் தவறின்றி வேறொருவர் எடுத்த பணத்தைப் பற்றி 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்மைச் சேராது என்கிறது; ஏமாந்து நாமே பின் எண்ணை அழுத்தி அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. ஏலத்தில் தோற்றவரிடம், "ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறோம்" என்று தளத்துக்கு வெளியே வாட்ஸப்பில் வலை விரிப்பவர்களும் இந்த வழியைத்தான் விரும்புகிறார்கள். "முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் எண்ணைப் போடுங்கள்" என்பது இன்னொரு தந்திரம். பணம் பெறப் பின் எண் தேவையே இல்லை.

கடன் அட்டை என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அதில் பிரியம் இல்லை. ஆயினும் இந்த ஒரு வேலைக்கு அது யுபிஐயை விட மேல். பொருள் வராவிட்டாலோ, சொன்னதற்கு மாறாக வந்தாலோ, வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி, கோரலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. விற்பவர் எழுதிய விவரத்தையும் படங்களையும் ஏல முடிவையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பவரின் கோரிக்கையே நிற்கும்.

பொருள் வந்ததும் பணம் என்பது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் பெட்டியைப் பிரிக்குமுன் பணத்தைக் கேட்பதே வழக்கம். உள்ளே செங்கல் இருந்தால் கொண்டுவந்தவரைக் கேட்டுப் பயனில்லை.

மோட்டார் கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ இருக்கிறது என்றால், இவை மூன்றையும் விட்டுவிட்டுக் கம்பத்தில் பேருந்து ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ போய், ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் கொடுப்பதே என் தேர்வு. நேரில் காட்டத் தயங்குபவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

தொலைவு அதிகமானால் தளத்தில் உள்ள ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். முதல் 2 இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. கொச்சி முகவரியைப் போட்டுவிட்டு 33இல் தொடங்கும் எண்ணைத் தருபவரிடம் காரணம் கேட்க வேண்டும். அந்த 15 எழுத்தெண்களையும் ஜிஎஸ்டி தளத்தில் இட்டால் பதிவான பெயர் தெரிந்துவிடும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

ஏமாந்தது தெரிந்த உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். வணிகமாக விற்பவர் மீது நுகர்வோர் வழக்குப் போட எல்லை தாண்டி அலைய வேண்டியதில்லை; 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பத்தில் வசிப்பவர் தேனியிலேயே புகார் கொடுக்கலாம்.